மட்டக்களப்பு: இரு கரை மாவட்டம்

இலங்கையின் கிழக்குக் கரையில், வடக்கே வெருகலையும் தெற்கே கல்முனைப் பக்கத்தையும் தொட்டு நீண்டு கிடக்கிறது மட்டக்களப்பு மாவட்டம். பரப்பு 2,854 சதுர கிலோமீற்றர். இன்று அம்பாறை மாவட்டத்தில் இருக்கும் தென்பகுதியும் முன்பு இதனோடுதான் இருந்தது. 1961இல் அது பிரிக்கப்பட்டது. ஆனாலும் அக்கரைப்பற்றிலும் திருக்கோவிலிலும் உள்ளவர்களின் பேச்சும் குடிவழக்கும் கோயில் சடங்கும் மட்டக்களப்பாரைப் போலவே இருக்கின்றன.

கடற்கரையிலிருந்து மேற்கே நடந்தால் நிலம் ஐந்து பட்டைகளாக மாறும். முதலில் கடல்மணல். அடுத்து தென்னையும் கிணறும் வீடும் நெருங்கிய ஒடுங்கிய திடல். அதன் பின் வாவி. வாவியைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல், அதற்கும் அப்பால் குளங்களும் மேய்ச்சல் தரையும் காடும். மலை என்று சொல்ல அதிகம் இல்லை. மேற்கே குடும்பிமலை போன்ற சில பாறைக் குன்றுகள் தட்டை நிலத்திலிருந்து திடீரென்று எழுந்து நிற்கின்றன. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. அரசாங்கம் மாவட்டத்தை 14 பிரதேச செயலகப் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறது. ஊராரோ இந்த இரண்டு கரைகளாகத்தான் பிரித்துப் பேசுகிறார்கள்.

வாவி செங்கலடிப் பக்கத்திலிருந்து கல்முனைக்கு அண்மை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். ஆழம் அதிகமில்லை, பெரும்பாலான இடங்களில் இரண்டு மூன்று மீற்றருக்குள் தரை தட்டும். மேற்கிலிருந்து முந்தனை ஆறும் நவகிரி ஆறும் வேறு சிற்றாறுகளும் இதில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கடலோடு சேர இரண்டு வாய்கள் உண்டு: நகருக்கு அருகே பாலமீன்மடுவை ஒட்டிய முகத்துவாரம் ஒன்று, தெற்கே பெரியகல்லாற்றுப் பக்கம் இன்னொன்று. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை மூடிவிடும். மாரியில் வெள்ளம் பெருகும்போது அது தானே உடைத்துக்கொள்ளும், அல்லது மனிதர் வெட்டிவிட வேண்டியிருக்கும்.

யார் வெட்டுவது, எப்போது வெட்டுவது என்பது இங்கே பழைய வழக்கு. வாவி நிரம்பினால் படுவான்கரையின் தாழ்ந்த வயல்களில் தண்ணீர் ஏறும். விதைத்த பயிர் நாலைந்து நாள் நீருக்குள் கிடந்தால் அழுகிப்போகும். ஆகவே விவசாயிகள் முகத்துவாரத்தை உடனே வெட்டச் சொல்வார்கள். மீனவர் அவசரப்பட வேண்டாம் என்பார்கள். வாவியில் வளரும் இறாலும் மீனும் வாய் திறந்ததும் வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும், வீச்சுவலைக்காரனின் அந்தப் பருவத்து உழைப்பும் கூடவே போய்விடும். மாரி கடுமையாகும் ஆண்டுகளில் இரு தரப்பும் மாவட்டச் செயலகமான கச்சேரியில் அரசாங்க அதிபர் முன் வந்து நிற்பது வழமை. கடைசியில் இயந்திரம் வந்து மணலில் ஒரு வாய்க்கால் கீறும். சில மணி நேரத்தில் வெள்ளமே அதை அகலமாக்கிக்கொள்ளும். எந்தக் கரையும் தன் பாட்டுக்கு வாழ முடியாது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி இந்த மாவட்டத்தில் இல்லை.

மழை முக்கியமாக வடகீழ்ப் பருவக்காற்றில்தான். ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி. ஆண்டு முழுவதற்குமான மழையில் பெரும்பங்கு இந்த நாலு மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட வறட்சி. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காட்டையும் காய்ந்த வயலையும் கடந்து வீசும் கச்சான் காற்று அனலாக இருக்கும். மத்தியான வேளைகளில் தெரு வெறிச்சோடிவிடும், பின்னேரம் கடற்காற்று எழும் வரை ஆட்கள் திண்ணையை விட்டு அசைவதில்லை. காற்று இங்கே ஊரையே அழித்ததும் உண்டு. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர், தென்னந்தோப்புகள் தரைமட்டமாயின. முதியவர்கள் இன்றைக்கும் ஒரு பிள்ளையின் வயதைக் கணக்கிடுவதற்குச் சூறாவளிக்கு முன்னா பின்னா என்றே கேட்கிறார்கள்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் சனத்தொகை 5,26,000ஐத் தாண்டியிருந்தது. இப்போது ஆறு இலட்சத்தை நெருங்கியிருக்கிறது. அன்றைய கணக்கில் தமிழர் நூற்றுக்கு 72 வீதத்துக்குச் சற்று மேல், முஸ்லிம்கள் 25 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் ஒரு வீதமளவில், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் அரை வீதம். விகிதத்தை மட்டும் பார்த்தால் மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது விளங்காது. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழவில்லை, விலகியும் வாழவில்லை. எழுவான்கரைத் தெருவில் ஒரு தமிழூர், அடுத்து முஸ்லிம் ஊர், மறுபடி தமிழூர் என்று மாறி மாறி வரும். எல்லையில் சில இடங்களில் ஒரு மதிலோ ஒரு ஒழுங்கையோதான் இருக்கும்.

நகரின் பழைய நடு புளியந்தீவு. வாவிக்குள் இருக்கும் இந்தச் சிறு தீவைப் பாலங்கள் இரு பக்கமும் பிணைக்கின்றன. தீவின் முனையில் நாற்சதுரக் கோட்டை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638 மே மாதம், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்பட்டு வந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு முதலில் வந்த கோட்டை இதுவே. 1795இல் ஆங்கிலேயர். மூன்று வல்லரசுகளும் போன பிறகும் கோட்டைக்குள் அலுவலகங்கள் நடந்தன. கச்சேரி நெடுங்காலம் அங்கேதான் இருந்தது. காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் வந்தவர்கள் பீரங்கி வைத்த கொத்தளத்தின் கீழே வரிசையில் நின்றார்கள்.

கோட்டைக்கு எதிரே, வாவிக்கரையில், காந்திப் பூங்கா. அங்கே சிலையாக நிற்கும் வில்லியம் ஓல்ட் 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி. அவர் தொடங்கிய பள்ளியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அவரோ அடுத்த ஆண்டே இறந்துபோனார். கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் இதில் படிப்பித்தார்கள். பாலம் கடந்தால் கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகளின் சிவானந்த வித்தியாலயம், 1929இல் தொடங்கியது. அடிகள் காரைதீவில் 1892இல் பிறந்தவர். இராமகிருஷ்ண மிஷன் துறவி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர்; பழந்தமிழர் இசையை ஆராய்ந்த ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது, அதே ஆண்டு அவரும் மறைந்தார்.

கல்லடிப் பாலம் இரண்டு. ஆங்கிலத் தேசாதிபதி மானிங்கின் மனைவி பெயர் சூட்டப்பட்ட பழைய இரும்புப் பாலம் 1920களில் எழுந்தது. ஒரு வாகனம் போனால் எதிர்வாகனம் காத்து நிற்க வேண்டும். 2013இல் ஜப்பானிய உதவியுடன் பக்கத்தில் புதுப்பாலம் வந்த பின் பழையது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் ஆனது. மட்டக்களப்புக்கு ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று பேர் வாங்கித் தந்த ஒலி இந்தப் பாலத்தடியில்தான். பூரணை இரவில், கோடைக் காலத்தில், தோணியிலிருந்து துடுப்பை நீருக்குள் இறக்கி மறுநுனியைக் காதில் வைத்தால் தந்தி மீட்டியது போன்ற ஒலிகள் கேட்கும் என்பது அனுபவம். பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவில் இதைக் கேட்டு எழுதிய ஆங்கில அதிகாரி எமர்சன் டெனன்ட்டிடம் மீனவர் சொன்னது மீன் அல்ல, ஊரி என்ற சிப்பியினம். அவரும் அதையே நம்பினார். 1950களில் அமெரிக்க இயேசு சபைக் குரு ஒருவர் ஒலியைப் பதிவு செய்தார். ஊரி பாடும் நாடு என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பதாலோ என்னவோ, மாநகர சபையும் கடைப் பெயர்ப்பலகைகளும் மீனையே வைத்துக்கொண்டன.

புளியந்தீவிலும் அதைச் சுற்றியும் பறங்கியர் வாழ்கிறார்கள், சில ஆயிரம் பேர். கொழும்புப் பறங்கியர் ஆங்கிலத்துக்கு மாறி அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். மட்டக்களப்பார் இங்கேயே தங்கினார்கள். தச்சு, கொல்லு, தையல், துவக்குத் திருத்துதல், மோட்டார் திருத்துதல் இவர்களுடைய கைத்தொழில். சமயம் கத்தோலிக்கம். வீட்டுக்குள் போர்த்துக்கேயக் கலப்புமொழி ஒன்று பேசப்பட்டது. இப்போது அதை நன்றாகப் பேசுபவர் முதியவர்களே, பிள்ளைகள் தமிழில் சண்டை பிடிக்கிறார்கள். கலியாண வீட்டில் கப்பிரிஞ்ஞா ஆட்டமும் வயலினும் இன்னும் உண்டு. இவர்களில் பலர் டச்பார் என்ற கடலோரப் பகுதியில் குடியிருந்தவர்கள். 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை அந்த இடத்தையும், வாவிக்கும் கடலுக்கும் நடுவே விரல்போல நீண்டிருந்த நாவலடியையும் வாரிக்கொண்டு போயிற்று. கடல் ஒரு பக்கமும் வாவி மறுபக்கமும் இருந்ததால் ஓடுவதற்கு இடம் இல்லாமல் போனது. உயிர் தப்பியவர்களை உள்ளே திராய்மடு போன்ற புதுக் குடியேற்றங்களில் வைத்தார்கள். மீனவர் வலையும் தோணியும் இருக்கும் கரைக்கே மெல்ல மெல்லத் திரும்பினார்கள்.

கல்லடியிலிருந்து தெற்கே நெடுஞ்சாலை எழுவான்கரை முதுகில் ஓடுகிறது. முதலில் வருவது காத்தான்குடி. நடுத்தெருவில் வரிசையாகப் பேரீச்சமரம், இரு பக்கமும் துணிக்கடை, நகைக்கடை, பள்ளிவாசல். ஏறத்தாழ 40,000 பேர் சில சதுர கிலோமீற்றருக்குள். இலங்கையின் மிக நெருக்கமான குடியிருப்புகளில் இது ஒன்று. வயல் நிலம் ஊருக்குள் இல்லாததால் இவ்வூர் வியாபாரத்தால் வளர்ந்தது. கடைக்காரன் காத்தான்குடியான் என்றால் நாட்டின் எந்த மூலையிலும் வியப்பில்லை. அடுத்தது ஆரையம்பதி, தமிழூர். பிறகு பாலமுனை, முஸ்லிம் ஊர். அதைத் தாண்டினால் கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறுகள் என்று தமிழூர்கள் வரிசை. களுதாவளை மணலில் கிணற்று நீரை ஊற்றி வெற்றிலையும் மிளகாயும் கத்தரியும் எடுக்கிறார்கள். மணலை விளைய வைக்கும் இந்தப் பாட்டைப் பார்த்தவர் கிழக்கார் சோம்பேறிகள் என்ற யாழ்ப்பாணத்துப் பழைய வசையை மறந்துவிடலாம்.

இந்த ஊர்களின் உள்கட்டு குடி. ஒவ்வொரு ஆளும் ஒரு குடியைச் சேர்ந்தவர், அது தாய் வழியாக வரும். தகப்பன் எந்தக் குடி ஆனாலும் பிள்ளை தாயின் குடியே. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொது. உலகில் தாய்வழி எண்ணும் முஸ்லிம் சமுதாயங்கள் மிகச் சில. கேரளத்து மாப்பிள்ளைமாரில் ஒரு பகுதியும் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்களும் நினைவுக்கு வருவார்கள். தமிழர் பக்கத்தில் முக்குவர், வேளாளர், சீர்பாதர், கரையார் முதலிய சாதிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் குடிகள் இருக்கின்றன. கோயில் திருவிழாவில் இன்ன இரவு இன்ன குடிக்கு என்று முறை உண்டு, கணக்கைப் பார்ப்பவர் வண்ணக்கர். பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர் இருந்து நிருவாகத்தில் பங்கெடுத்தார்.

முக்குவர் சட்டம் என்று ஒரு வழக்காறு சொத்துரிமையை ஆண்டது; கிறிஸ்தோபர் பிரிட்டோ அதைத் தொகுத்து 1876இல் அச்சிட்டார். அந்த ஆண்டு வந்த புதிய கட்டளைச் சட்டம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. சட்டம் போனாலும் வீடு பெண்ணுக்கு என்ற வழமை போகவில்லை. பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசுமுன் அவளுக்கு ஒரு வீடு எழும்ப வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். மூத்த மகளுக்குத் தாய்வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பின்வளவில் சிறு வீட்டுக்கு ஒதுங்குவது சாதாரணம். அதனால் ஒரு ஒழுங்கைக்குள் அடுத்தடுத்த வளவுகளில் அக்காவும் தங்கச்சியும் சின்னம்மாவும் இருப்பார்கள். வேலி நடுவே ஒரு கடப்பு. அதனால் ஒரு வீட்டுக் கறி மறுவீட்டுக்குச் சூடாறாமல் போகும். பெண்ணுக்கு இது பலம்தான். ஆனால் மூன்று பெண்பிள்ளை உள்ள கூலிக்காரனுக்கு மூன்று வீடு கட்டுவது வாழ்நாள் கடன். மத்திய கிழக்குக்குப் போய் வீட்டுவேலை பார்த்துப் பணம் அனுப்பும் தாய்மாரில் பலர் அந்தக் கடனுக்காகவே போகிறார்கள்.

வீடு எழுவான்கரையில், வயல் படுவான்கரையில். இடையில் தண்ணீர். நகரிலிருந்து வலையிறவுப் பாலம் வவுணதீவுக்குப் போகிறது, தெற்கே பட்டிருப்புப் பாலம் வெல்லாவெளிப் பக்கம் போகிறது. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதுவரை கொக்கட்டிச்சோலைக்குப் போக ‘பாதை’தான். பாதை என்றால் மட்டக்களப்பில் தெரு அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடத்தும் மிதவை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையேயும் குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையேயும் இது சேவையில் இருந்து வருகிறது. தட்டையான பலகைத் தளம், இரு ஓரமும் இரும்புக் கம்பி, பின்னால் ஒரு சிறு இயந்திரம். காலையில் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றோடொன்று கைப்பிடி இடிக்க நெருங்கி நிற்கும். அக்கரைப் பாடசாலைக்குப் போகும் ஆசிரியைகள் குடையை விரித்துக் கம்பியோரம் நிற்பார்கள். எதிரே இக்கரைக்கு வரும் பாதையில் பால் கேன்களும் விறகும் வரும். காற்று மாறினால் நேரம் தவறும், பள்ளியில் முதல் பாடம் போகும். படுவான்கரைப் பிள்ளைகளின் படிப்பு பின்தங்கியதற்குப் போரைக் காரணம் சொல்வார்கள். இந்தத் துறைகளில் காத்து நின்ற நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அக்கரை வேறு உலகம். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்கள் வயலுக்கு நீர் தருகின்றன. எட்டாத இடம் வானம் பார்த்தது. மாரிப்போகமே பெரியது. முன்பு நிலம் பெரிய நிலவுடைமையாளரான போடியாரிடம் இருந்தது. அவருக்காக வயலைப் பொறுப்பெடுப்பவர் முல்லைக்காரன். அவர் ஆட்களோடு வாடி போட்டு விதைப்பிலிருந்து சூடடிப்பு வரை வயலிலேயே கிடந்தார். போடியார் வீடு எழுவான்கரையிலும் முல்லைக்காரன் குடில் படுவான்கரையிலும் இருந்த அந்த ஏற்பாட்டில்தான் இரு கரைக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு உருவானது. இப்போது வெட்டும் இயந்திரம் ஒரு நாளில் வயலை முடித்துவிடுகிறது. போடியார் என்ற சொல் மரியாதைக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அறுவடை முடிந்த காலம் சடங்குக்கும் கூத்துக்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்கள் கதவு திறக்கும், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு சடங்கு நிறைவேறும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேரும், சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூர் முருகன் திருவிழாவும் இரு கரையாரையும் ஒன்றுசேர்க்கும். கூத்துக்கு ஊர் கூடி அண்ணாவியாரை அழைக்கும். ஆட்டத்துக்கு ஆளைத் தெரிந்து, பாத்திரத்துக்குரிய பாட்டான சட்டத்தைக் கொடுத்து, மாதக்கணக்கில் இரவில் பழகி, சதங்கை கட்டி, வட்டக்களரியில் அரங்கேற்றுவார்கள். பகலில் உழவு இயந்திரம் ஓட்டுகிறவர் இரவில் தருமனாகவோ துரியோதனனாகவோ விடியும் வரை ஆடுவார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று வடமோடிக் கூத்தை நகர மேடைக்கு ஏற்றியபோது அதற்கு ஆட்டமும் ஆளும் இந்த ஊர்களிலிருந்தே போயின. இராவணனாக ஆடிய சி. மௌனகுரு மட்டக்களப்பார்.

வயலுக்கு மேற்கே மாட்டுக்காரரின் நிலம். விதைப்புத் தொடங்கியதும் பட்டிகளை மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் ஓட்டிச்சென்று அறுவடைக்குப் பின் திரும்பக் கொண்டுவருவது பழைய முறை. மண்சட்டியில் உறைந்த மட்டக்களப்புத் தயிர் இந்தப் பட்டிகளின் பால்தான். அந்த மேய்ச்சல் தரையில் வெளி மாவட்டத்தார் வந்து பயிர் செய்ததால் எழுந்த தகராறு 2023இல் சித்தாண்டித் தெருவோரப் போராட்டமாக வெளிவந்தது. மாதக்கணக்கில் பண்ணையாளர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

நகருக்கு வடக்கே ஏறாவூர், முஸ்லிம் ஊர். அதை ஒட்டிச் செங்கலடி, பதுளை வீதி வந்து சேரும் சந்தி. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், 1981இல் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது. இந்த மாவட்டம் 1990ஐ மறக்கமாட்டாது. அந்த ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் அதிகமானோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்த தமிழரில் 150க்கும் மேற்பட்டோரைப் படையினர் கொண்டுபோனார்கள், எவரும் திரும்பவில்லை. அதே மாதம் சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாகத் தமிழர் கொல்லப்பட்டார்கள். அக்கரை வயலில் காணி வைத்திருந்த முஸ்லிம்கள் அதற்குப் பிறகு அங்கே போக முடியவில்லை. முஸ்லிம் ஊர்ச் சந்தைக்குத் தமிழர் போவதும் நின்றது. 2007இல் கிழக்கில் போர் ஓய்ந்தபின் சந்தையும் வயலும் மெல்ல இயல்புக்கு வந்தன. 2019 உயிர்த்த ஞாயிறன்று நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. தாக்குதல் கும்பலின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்றதும் அந்த ஊர் முழுவதும் சந்தேகத்தின் கீழ் நாட்களைக் கழித்தது.

இன்னும் வடக்கே வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் ஒட்டிப் பிறந்த தமிழ், முஸ்லிம் ஊர்கள். வைக்கோலிலிருந்து கடதாசி செய்த ஆலை 1950களில் இங்கே எழுந்து ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் தந்து பின்பு ஒடுங்கியது. பக்கத்தில் பாசிக்குடா, முழங்கால் ஆழத்தில் நெடுந்தூரம் நடந்துபோகக்கூடிய கடல். போருக்குப் பிறகு வந்த உயர்தர விடுதிகள் கரையை வரிசையாகப் பிடித்துக்கொண்டன.

மாவட்டத்தின் வடமுனை வாகரை. பரப்பில் மிகப் பெரிய பிரிவுகளில் ஒன்று; 2012இல் ஆட்களோ இருபதாயிரத்துச் சொச்சம். காத்தான்குடியில் ஒரு ஒழுங்கைக்குள் இருப்பவர்கள் இங்கே ஒரு காட்டுப் பகுதி முழுவதும் பரந்திருப்பார்கள். பனிச்சங்கேணி, மாங்கேணி, கதிரவெளிப் பக்கங்களில் கடலோர வேடர் வாழ்கிறார்கள். பேச்சு தமிழ், தொழில் மீன்பிடியும் தேனெடுப்பும் சேனைப்பயிரும் கூலியும். காட்டு வேடருக்குரிய முன்னோர் வழிபாட்டை இவர்கள் தமிழில் செய்கிறார்கள். 2006, 2007 ஆண்டுகளின் சண்டையில் அயலவரோடு சேர்ந்து இவர்களும் இடம்பெயர்ந்து திரும்பினார்கள். கணக்கெடுப்புப் படிவத்தில் பெரும்பாலும் தமிழர் என்றே பதிவாவதால் இவர்கள் எத்தனை பேர் என்பது மாவட்டப் புள்ளிவிபரத்தில் தனியாகத் தெரிவதில்லை.